ஹாக்சா பிளேடும் 0.9 மில்லிமீட்டரும்: பைக்குக்கு ஸ்பார்க் பிளக் தேர்ந்தெடுப்பதும் இடைவெளி வைப்பதும்

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் மெக்கானிக் கடைகளின் கருவிப் பெட்டியில் உடைந்த ஹாக்சா பிளேடு ஒன்று எப்போதும் கிடக்கும். அது இரும்பு அறுப்பதற்காக வைத்திருப்பது அல்ல. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நுனியை உப்புத்தாளால் தேய்த்து, அந்தப் பிளேடை இரு முனைகளுக்கும் நடுவே நுழைத்து, வளைந்த முனையை ஸ்பேனரால் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவார்கள். பிளேடு சற்றே உராய்ந்தபடி வெளியே வந்தால், "கேப் சரியா இருக்கு" என்று சொல்லி மாட்டிவிடுவார்கள். கையால் அறுக்கும் ஹாக்சா பிளேடின் தடிமன் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். அன்றைய வண்டிகள் பலவற்றுக்குத் தேவைப்பட்ட இடைவெளியும் அதை ஒட்டியே இருந்ததால், அந்தக் கைப்பழக்கத்தில் பெரிய பிழை ஏதுமில்லை.

பிழை என்னுடையது. நான் முதன்முதலாக வாங்கிய நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்குப் புதுப் பிளக் மாற்றியபோது, நுனியில் இடைவெளி மிகவும் அகலமாக இருப்பதாகத் தோன்றியதால், பார்த்துப் பழகிய முறைப்படி பிளேடை வைத்து அதைக் குறைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகித் தடுமாறி நின்றது. சிக்னலில் ஆக்சிலரேட்டரை விட்டால் அணைந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவதிலும் பெட்ரோல் குழாயை மாற்றுவதிலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பிறகுதான் வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். பிளக் இடைவெளி 0.8 முதல் 0.9 மில்லிமீட்டர் என்று அதில் அச்சிட்டிருந்தது.

ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு வேறுபாடு எஞ்சினை ஏன் அவ்வளவு பாடுபடுத்துகிறது, கடையில் ஒன்றுபோலவே தோன்றும் பத்துப் பிளக்குகளில் நம் வண்டிக்குரியதை எப்படி அடையாளம் காண்பது என்ற இரண்டையும், எஞ்சினைப் பற்றி முன்னறிவு இல்லாதவருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன். தொடக்கத்திலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பிளக் என்பது பொருத்தம் பார்த்து வாங்க வேண்டிய பொருள். செருப்பு வாங்கும்போது காலின் அளவைத்தான் பார்க்கிறோம். விலை கூடிய செருப்பு என்பதற்காக இரண்டு எண் பெரிதாக வாங்குவதில்லை.

நுனியில் நடப்பது என்ன

பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே வெள்ளைப் பீங்கான். அதன் உச்சியில் ஒயர் வந்து சேரும் உலோகக் குமிழ். நடுவில் ஸ்பேனர் பிடிப்பதற்கான ஆறு பட்டை. அதற்குக் கீழே ஒரு வாஷரும் மரையும். மரை முடியும் இடத்தில், பீங்கானின் நடுவிலிருந்து ஒரு மெல்லிய கம்பி எட்டிப் பார்க்கும். அதை நடு முனை என்று வைத்துக்கொள்வோம். உலோக உடலின் விளிம்பிலிருந்து கிளம்பி, கொக்கி போல வளைந்து, அதற்கு நேர் எதிரே வந்து நிற்கும் பட்டையைப் பக்க முனை என்போம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம்தான் பிளக்கின் உயிர். மற்ற எல்லாப் பாகங்களும் அந்த வெற்றிடத்துக்கு மின்சாரத்தைக் கசியாமல் கொண்டுவந்து சேர்க்கவும், அங்கே உண்டாகும் வெப்பத்தை வெளியே கடத்தவும் இருப்பவையே.

பேட்டரியின் 12 வோல்ட்டால் இந்த வெற்றிடத்தைத் தாண்ட இயலாது. ஆகையால் இக்னிஷன் காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, தடித்த ஒயர் வழியாகப் பிளக்கின் தலைக்கு அனுப்புகிறது. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் தூரத்தை மின்பொறி தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். ஆனால் பிளக் இருப்பது திறந்த வெளியில் அல்ல. பிஸ்டன் மேலேறிக் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் நெருக்கிப் பிழிந்து வைத்திருக்கும் அறைக்குள். காற்று எவ்வளவு நெருக்கப்படுகிறதோ அவ்வளவுக்குப் பொறி தாண்டுவது கடினமாகும். அதனால் உள்ளே தேவைப்படும் மின்னழுத்தம் 10,000 வோல்ட்டைக் கடந்து செல்கிறது. தூரம், காற்றின் நெருக்கம் ஆகிய இரண்டும் கூடக்கூட மின்னழுத்தமும் கூட வேண்டும் என்ற இந்த ஓர் உறவை மனத்தில் வைத்துக்கொண்டால், பிளக் சார்ந்த கோளாறுகளில் பாதிக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

கொல்லிமலைக்குப் போகும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி, வளைவில் ஆக்சிலரேட்டரை முழுவதும் முறுக்கியதும் மிஸ்ஸிங் அடிக்கிறது, விட்டால் சரியாகிவிடுகிறது. ஆக்சிலரேட்டரைத் திறக்கும்போது சிலிண்டருக்குள் புகும் காற்றின் அளவு கூடுவதால், பொறி விழ வேண்டிய நொடியில் உள்ளே நெருக்கம் மிக அதிகமாக இருக்கிறது. தேய்ந்து அகன்றுபோன இடைவெளியை ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை முறுக்காமல் எஞ்சின் மெல்ல ஓடும் நிலையில்) தாண்டிவிட்ட பொறி, இங்கே தாண்ட மாட்டாமல் தோற்கிறது. தாண்ட இயலாத மின்சாரம் வேறு வழி தேடும். பழைய பிளக் மூடியின் விரிசல் வழியாகவோ, ஈரம் படிந்த பீங்கானின் வெளிப்புறத்தை ஒட்டியோ எஞ்சினுக்குத் தாவும். மழைக்கால இரவில் இருட்டில் நிறுத்திப் பார்த்தால் அந்த நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். காயிலும் வீணாகத் துன்பப்படும்.

அப்படியானால் இடைவெளியைக் குறைத்து வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். பொறி எளிதாகத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் பொறி விழுவது வேறு, கலவை பற்றிக்கொள்வது வேறு. பொறியால் முதலில் உண்டாவது கடுகளவுத் தீ மட்டுமே. அதைச் சுற்றி இரும்பு மிக நெருக்கமாக இருந்தால், அந்தக் கடுகளவு வெப்பத்தை உலோகமே உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்த இரும்புச் சட்டியோடு ஒட்டிப் பிடித்த தீக்குச்சி அணைவது போலத் தீ பரவுமுன்னே அவிந்துவிடும். ஐட்லிங்கின்போது உள்ளே வரும் கலவை குறைவு. முன்சுழற்சியில் எரிந்த புகையின் மிச்சமும் அதில் கலந்திருக்கும். அங்கே சிறிய தீ பிழைப்பது இன்னும் கடினம். நான் கார்புரேட்டரைக் கழற்றிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் காரணம் இதுதான். பிளாட்டினம் பாயிண்ட் (தொட்டும் விலகியும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) வைத்த பழைய வண்டிகளின் இக்னிஷன் வலுவற்றது என்பதால் 0.5, 0.6 என்று குறுகிய இடைவெளி வைத்தார்கள். இன்றைய மின்னணு இக்னிஷன் வலுவானது. அது தாண்டிவிடும் என்ற துணிவில்தான் வடிவமைப்பாளர்கள் 0.8, 0.9 என்று அகலப்படுத்தி, பெரிய பொறியாகக் கேட்கிறார்கள்.

பெட்டியின் மேல் இருக்கும் எழுத்துகள்

உதிரிபாகக் கடையில் வண்டியின் பெயரைச் சொன்னதும் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுப்பார்கள். சில சமயம், "இது எல்லாத்துக்கும் வரும் சார்" என்ற உறுதிமொழியும் சேர்ந்து வரும். எல்லா வண்டிக்கும் வரும் பிளக் என்று ஒன்று கிடையாது. மரை ஒன்றாக இருப்பதால் உள்ளே திருகிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். நம் வண்டிக்கு உரியது எது என்பதைக் கையேடும், பீங்கானின் மேல் அச்சிட்ட எழுத்துகளும் சொல்லும். அந்த எழுத்துகளைப் படிக்கக் கற்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

ஜப்பானின் நகோயா நகரில் 1936-இல் தொடங்கி, 2023-இல் நிட்டெரா என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் என்.ஜி.கே. பிளக்குகள் நம் சாலைகளில் மிகுதி என்பதால், அதிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சி-பி-ஆர்-8-இ-ஏ-9 (CPR8EA-9) என்று ஒரு பிளக்கில் ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கிறது. முதலில் வரும் 'சி' மரையின் விட்டம் 10 மில்லிமீட்டர், ஸ்பேனர் பிடிக்கும் பட்டையின் அகலம் 16 மில்லிமீட்டர் என்று சொல்கிறது. அந்த இடத்தில் 'டி' இருந்தால் 12 மில்லிமீட்டர் மரை. 'பி' (B) இருந்தால் 14. அடுத்து வரும் 'பி' (P) வேறு எழுத்து, வேறு பொருளுடையது: பீங்கானின் மூக்கு உலோக உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் குறிப்பது. 'ஆர்' என்றால் உள்ளே மின்தடை வைத்த பிளக். '8' வெப்ப எண். அதைத் தனியாகப் பேச வேண்டும். 'இ' மரைப் பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டர் என்கிறது. 'ஏ' அந்த நிறுவனத்தின் உள் வடிவக் குறி. கடைசியில் கோட்டுக்குப் பின் நிற்கும் '9' இடைவெளி 0.9 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. 10 என்றிருந்தால் 1.0, 11 என்றிருந்தால் 1.1.

இதோடு சி-ஆர்-7-எச்-எஸ்-ஏ (CR7HSA) என்ற இன்னொரு பிளக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். மரையின் விட்டம் அதே 10 மில்லிமீட்டர்தான். ஒன்றின் துளையில் மற்றொன்று தடையின்றித் திருகிக்கொள்ளும். ஆனால் 'இ' இருந்த இடத்தில் இங்கே 'எச்' இருக்கிறது. அதாவது மரை நீளம் 12.7 மில்லிமீட்டர் மட்டுமே. "எல்லாத்துக்கும் வரும்" என்ற உறுதிமொழி இங்கேதான் ஆபத்தாகிறது. குட்டை மரைக்கான துளையில் நீள மரைப் பிளக்கை மாட்டினால், நுனி எரியும் அறைக்குள் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்று, பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கக்கூடும். இடிக்காவிட்டாலும், உள்ளே அம்மணமாக நிற்கும் மரையில் கரி படிந்து இறுகி, பிறகு கழற்றும்போது சிலிண்டர் ஹெட்டின் (பிளக் திருகப்படும், சிலிண்டரின் மேல்மூடி) அலுமினிய மரையையும் பெயர்த்துக்கொண்டு வரும். மாறாக, நீளத் துளையில் குட்டைப் பிளக்கை மாட்டினால், பொறி அறைக்குள் விழாமல் ஒரு குழிக்குள் விழும்; மீந்திருக்கும் ஹெட் மரையில் கரி சேர்ந்து, அடுத்த முறை சரியான பிளக் உள்ளே போக மறுக்கும். கடையில் பழைய பிளக்கையும் புதியதையும் அருகருகே பிடித்து, வாஷரிலிருந்து மரை முடிவு வரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

'ஆர்' என்ற எழுத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறிய வானொலி நிலையம் போல இரைச்சலைப் பரப்பும். ஏறத்தாழ 5,000 ஓம் மின்தடை அந்த இரைச்சலை அடக்கி, பெட்ரோல் இன்ஜெக்ஷனை நடத்தும் மின்னணுப் பெட்டியைக் குழப்பாமல் காக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டி 'ஆர்' இல்லாமலும் ஓடும். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் அதைத் தவிர்ப்பது சரியல்ல. வீட்டில் மல்ட்டிமீட்டர் இருந்தால், பிளக்கின் உச்சிக்கும் நடு முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 'ஆர்' என்று அச்சிட்டிருந்தும் தடை சுழியமாகக் காட்டினால், கையில் இருப்பது போலிச் சரக்கு என்று ஐயப்பட இடமுண்டு.

வெப்ப எண் என்னும் குழப்பம்

பிளக் தேர்வில் தொடக்கநிலையாளர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சூடான பிளக், குளிர்ந்த பிளக் என்று மெக்கானிக்குகள் சொல்வதைக் கேட்டு, சூடான பிளக் போட்டால் பொறி கடுமையாக விழும் என்றும், குளிர்ந்த பிளக் போட்டால் எஞ்சின் சூடாகாது என்றும் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. வெப்ப எண் பேசுவது, பிளக் தன் நுனியில் சேரும் வெப்பத்தை எவ்வளவு விரைவாக ஹெட்டுக்குக் கைமாற்றுகிறது என்பதை மட்டுமே.

நடு முனையைச் சூழ்ந்திருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால், நுனியின் வெப்பம் உலோக உடலைச் சென்றடைய நெடுந்தூரம் பயணப்பட வேண்டும். ஆகையால் நுனி சூடாகவே இருக்கும். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் உடனே உடலுக்கும், மரைக்கும், வாஷருக்கும், ஹெட்டுக்கும் இறங்கிவிடும், நுனி குளிர்ந்திருக்கும். ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், நுனிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஏறத்தாழ 450 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால், படியும் கரி எரிந்து போகாமல் தங்கிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால், பொறி இடைவெளியைத் தாண்டாமல் பீங்கானின் மேல் வழிந்து வீணாகும். ஏறத்தாழ 850 பாகைக்கு மேலே போனால், நுனியே தணல் போலக் கனன்று, பொறி விழும் முன்னரே கலவையைப் பற்ற வைக்கும். மேலேறிக்கொண்டிருக்கும் பிஸ்டன் அந்த வெடிப்பை எதிர்கொண்டு அடி வாங்கும். நீடித்தால் பிஸ்டனில் ஓட்டையே விழும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நுனி இருந்தால் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். வெப்ப எண்ணில் ஒரு படி மாற்றம் நுனியின் சூட்டை ஏறத்தாழ 70 முதல் 100 பாகை வரை மாற்றிவிடும் என்பதால், இரண்டு படி தவறினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எண்ணைப் படிப்பதில் இன்னொரு சிக்கலும் வைத்திருக்கிறார்கள். என்.ஜி.கே., டென்சோ ஆகியவற்றில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. சாம்பியனிலும் இன்றைய பாஷ் வரிசையிலும் எண் கூடினால் பிளக் சூடானது. என்.ஜி.கே. 7-க்கு இணையானது டென்சோவில் 22, 8-க்கு 24. நம் ஊரில் அப்பாக்கள் தலைமுறை 'மைகோ பிளக்' என்றே சொல்லிப் பழகிய பிளக்குகளை, 1951-இல் பெங்களூரில் தொடங்கி 2008-இல் பாஷ் என்றே பெயர் மாறிய நிறுவனம் செய்தது. அதன் பழைய பிளக்குகளில் 175, 225 என்ற மூன்றிலக்க எண்கள் இருந்தன. அந்த வரிசையில் எண் கூடினால் குளிர்ந்தது. அதே நிறுவனம் பின்னர் கொண்டுவந்த ஓரிலக்க வரிசையில் பழைய 175 என்பது 7 ஆகவும், 225 என்பது 5 ஆகவும் தலைகீழாகிவிட்டது. ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு மனக்கணக்காக ஒப்பிடாமல், அவரவர் வெளியிடும் இணைப் பட்டியலைப் பார்ப்பதே முறை.

கையேடு சொல்லும் வெப்ப எண்ணை விட்டு விலக வேண்டிய தேவை அன்றாட ஓட்டுநருக்கு அநேகமாக வராது. பந்தயத்துக்கு எஞ்சினை மாற்றியவர்களின் கதை வேறு. தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் போய்வரும் வண்டியில் பிளக் அடிக்கடி கரிபிடித்தால், வெப்ப எண்ணை மாற்றுவதற்கு முன், வாரம் ஒரு முறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

நிக்கலா, இரிடியமா

சாதாரணப் பிளக்கின் முனைகள் நிக்கல் கலவையால் ஆனவை. நடு முனை ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் தடிமன். இரிடியத்தின் உருகுநிலை நிக்கலை விட ஏறத்தாழ ஆயிரம் பாகை உயர்வு என்பதால், அதை 0.6, 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாகச் செய்தாலும் தேயாமல் நிற்கும். பொறி எப்போதும் கூர்மையான இடத்திலிருந்து கிளம்பவே விரும்பும்; மெல்லிய முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே கிளம்பிவிடும். எனவே இரிடியம் பிளக் நெடுநாள் உழைக்கும், குளிர்காலையில் சற்று எளிதாக ஸ்டார்ட் ஆகும். வண்டி பறக்கும், மைலேஜ் அள்ளும் என்ற பேச்சுகளை நான் நம்புவதில்லை. நல்ல நிலையில் உள்ள நிக்கல் பிளக்கே கலவையைத் தவறாமல் பற்றவைக்கும்போது, இரிடியம் அதற்கு மேல் எதைப் பற்றவைக்கப் போகிறது? தயாரிப்பாளரே இரிடியம் போட்டு அனுப்பிய வண்டிக்கு இரிடியமே போடுங்கள். மற்ற வண்டிகளுக்கு விலை பல மடங்கு கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம்.

இடைவெளியை அளந்து வைப்பது

பெட்டியில் வரும் புதுப் பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் கடையில் ஒருமுறை கைதவறி விழுந்திருந்தால் பக்க முனை நடு முனையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அளக்காமல் மாட்டக் கூடாது. அளப்பதற்கு ஃபீலர் கேஜ் என்ற கருவி, விசிறி போல விரியும் மெல்லிய எஃகுத் தகடுகளுடன், எல்லா உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். ஒவ்வொரு தகட்டிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும்.

கையேடு 0.8 முதல் 0.9 வரை என்றால், 0.8 தகடு தடையின்றி நுழைய வேண்டும், 0.9 தகடு லேசாக உராய்ந்தபடி போய்வர வேண்டும், 0.95 நுழையவே கூடாது. உராய்வு எவ்வளவு என்று கேட்டால், புத்தகத்தின் நடுவிலிருந்து ஒற்றைத் தாளை இழுக்கும்போது விரல் உணர்கிற அளவு என்பேன். இடைவெளி அகலமாக இருந்தால், பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து, பக்க முனையின் முதுகை மரப்பலகையில் மெதுவாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு அளந்து பாருங்கள். குறுகலாக இருந்தால், பக்க முனையை மட்டும், அதற்கென்றே உள்ள கொக்கியாலோ சிறிய இடுக்கியாலோ வெளிப்புறமாகச் சற்றே நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடைவெளிக்குள் விட்டு, நடு முனையில் முட்டுக் கொடுத்து நெம்புகிற பழக்கம் மட்டும் வேண்டாம். நடு முனையைச் சூழ்ந்த பீங்கானில் மயிரிழை விரிசல் விழும், அது கண்ணுக்குத் தெரியாமலே பொறியைத் தின்றுவிடும். இரிடியம் பிளக்கின் 0.4 மில்லிமீட்டர் முனையோ முறிந்தே போகும். அதை அளக்கும்போதுகூட ஒரு பூனையைத் தொடுவது போலத் தொட வேண்டும். வளைத்து முடித்த பிறகு, பக்க முனை நடு முனைக்கு நேர் எதிரே, இணையாக நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாய்ந்து நின்றால் ஒரு ஓரத்தில் 0.7, மறு ஓரத்தில் 1.0 என்று இருக்கும். தகடு காட்டும் அளவு எதுவாக இருந்தாலும் பொறி விழுவது 0.7-இல்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் பிளக்கின் இடைவெளி தானாக அகலும். ஒரு கணக்கு: சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட 200 மணி நேரம் ஆகும், நிமிடத்துக்கு 5,000 சுற்று என்று கொண்டால் மொத்தம் 6 கோடிச் சுற்று, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் பெட்ரோல் எரிவதால், பிளக் 3 கோடி முறையாவது பொறி விட்டிருக்கும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் ஓர் அணுத்திரளைக் கொண்டுபோகிறது. கூர்மையான விளிம்பு மழுங்கி உருண்டையாகிறது. சிறிய வண்டிகளின் கையேடுகள் பல 10,000 அல்லது 12,000 கிலோமீட்டரில் பிளக்கை மாற்றச் சொல்வது இதனால்தான். இடையில் ஒருமுறை கழற்றி இடைவெளியைச் சரிசெய்வது பயன் தரும். ஆனால் விளிம்பே உருண்டுபோன பிளக்கில் இடைவெளியை மட்டும் சரிசெய்து பயனில்லை.

கழற்றுவதும் மாட்டுவதும்

எஞ்சின் குளிர்ந்த பிறகே பிளக்கைத் தொட வேண்டும்; சூட்டில் அலுமினிய மரை இளகியிருக்கும். மூடியைக் கழற்றியதும், பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் சேர்ந்திருக்கும் மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள். இல்லையென்றால் பிளக் வெளியே வந்ததும் அந்த மண் சிலிண்டருக்குள் விழும். மாட்டும்போது ஸ்பேனரை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சாண் பழைய பெட்ரோல் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, அதைப் பிடித்துத் திருகுங்கள். மரை சரியாகப் பிடித்தால் பிளக் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். கோணலாகப் பிடித்தால் ரப்பர் குழாய் வழுக்கிச் சுற்றுமே தவிர, மரையைச் சிதைக்கும் அளவுக்கு விசை தராது.

கையால் திருகி வாஷர் ஹெட்டில் உட்கார்ந்த பிறகு, புதுப் பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று. வாஷர் நசுங்குவதைக் கை உணரும். ஏற்கெனவே நசுங்கிய வாஷருள்ள பழைய பிளக் என்றால், கடிகாரத்தின் சிறிய முள் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு நகரும் அளவு போதும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்திருப்பவர்கள் 10 மில்லிமீட்டர் மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் வரை வைக்கலாம். அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் மரை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தளர்வாக விட்டாலும் கெடுதல் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. நுனியின் வெப்பம் வெளியேறும் பெரிய வழி மரையும் வாஷரும்தான். அவை இறுகி உட்காராவிட்டால் சரியான வெப்ப எண்ணுள்ள பிளக்கும் கனன்றுவிடும். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். அது உராய்வைக் குறைத்து, நம்மை அறியாமலே அதிகமாக முறுக்க வைக்கும். பிளக்கின் உச்சியில் திருகிய குமிழ் இருக்கிறதா, பழையதில் அது இல்லையா என்றும் பாருங்கள். பல பைக்குகளின் மூடி குமிழை நீக்கிய மெல்லிய மரைக் கம்பியில்தான் பொருந்தும்.

இரண்டு பிளக் உள்ள எஞ்சின்களில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றொன்றை மறப்பது நம்மூரில் வழக்கமாகிவிட்டது. 2003-இல் வந்த இரட்டைப் பொறிப் பல்சரில் இரண்டு பிளக்குகள். 2012-இல் வந்த பல்சர் 200 என்.எஸ்.ஸில் மூன்று. கைக்கு எட்டும் பக்கத்தில் உள்ளது புதிதாகவும், எட்டாத பக்கத்தில் உள்ளது வாங்கிய நாளிலிருந்து அப்படியேயும் இருக்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

கழற்றிய பிளக் சொல்வது

கழற்றிய பிளக்கை உடனே துடைத்துவிடாதீர்கள். அதன் நுனி எஞ்சினின் உள்நிலையைக் காட்டும். மூக்குப் பீங்கான் பிஸ்கட் நிறத்திலோ இளஞ்சாம்பலாகவோ இருந்தால் எல்லாம் நலம். இன்ஜெக்ஷன் வண்டிகளில் இன்னும் வெளிறியே இருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். உலர்ந்த கரிய புகைப்படலம் என்றால் பெட்ரோல் மிகுதி, அடைந்த ஏர் ஃபில்டர், அல்லது வெறும் குறுந்தூர ஓட்டம். பிசுபிசுப்பான கருமை என்றால் எண்ணெய் மேலே ஏறுகிறது. பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும், பிளக்கை மாற்றித் தீராது. சுண்ணாம்பு வெள்ளையாகி, சிறு கொப்புளங்களோடு பளபளத்தால் அது அவசரம்: காற்று எங்கோ கசிந்து உள்ளே போகிறது, அல்லது வெப்ப எண் தவறு. உலோக உடலுக்குச் சற்று மேலே, வெளிப்புற வெள்ளைப் பீங்கானில் வளையம் போன்ற பழுப்புக் கறை இருப்பதைக் கண்டு, புகை கசிகிறது என்று புதுப் பிளக் வாங்கியவர்கள் உண்டு. அது கசிவு அல்ல. உயர் மின்னழுத்தம் சுற்றுப்புறக் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்த்துப் படியவைத்த கறை மட்டுமே.

பொறி வருகிறதா என்று பார்க்கப் பிளக்கை ஹெட்டில் சாய்த்து வைத்துக் கிக்கரை உதைப்பது பழைய முறை. செய்யலாம், ஆனால் பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில், பிளக்கின் உலோக உடல் ஹெட்டை நன்கு தொட்டிருக்கும்படி செய்ய வேண்டும். உடல் ஹெட்டைத் தொடாமல் தொங்கினால் பொறி போக இடமின்றி மின்னணுப் பெட்டியே பழுதாகலாம். திறந்த காற்றில் நீலப் பொறி விழுந்தது என்பதற்காக, அந்த நெருக்கமான அறைக்குள்ளும் விழும் என்று கொள்ள முடியாது என்பதை மேலே சொன்ன கணக்கிலிருந்தே நீங்கள் உய்த்துணரலாம்.

மாற்றிய நாளையும் அப்போதைய கிலோமீட்டரையும் பிளக் பெட்டியின் அட்டையில் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய பிளக் முற்றிலும் தேயாமல் இருந்தால், இடைவெளியைச் சரிசெய்து, புதுப் பிளக்கோடு வந்த அட்டைக் குழலையே நுனியில் மாட்டி, வண்டியின் கருவிப் பையில் பிளக் ஸ்பேனரோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.